பாடசாலை மணி எத்தனைக்கு அடிப்பது?

ஒரு பாடசாலை காலை ஏழரைக்குத் தொடங்குவதா, ஒன்பதரைக்குத் தொடங்குவதா என்பது அதிபரும் கல்விப் பணிமனையும் பார்த்துக்கொள்ள வேண்டிய அலுவல் என்றே பலர் எண்ணுகிறார்கள். இடம்பெயர்ந்து வாழ்ந்த எமது வாசகர்களுக்கு அது அவ்வளவு சின்ன விடயமல்ல என்பது தெரியும். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாகத் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் பின்னர் வன்னிக்கும் பெயர்ந்தபோது உடன் சென்ற பிள்ளைகளும் பிறருடைய பாடசாலைக் கட்டடங்களிலேயே படித்தார்கள். காலையில் அவ்வூர்ப் பிள்ளைகள். அவர்கள் வீடு போன பின், வெயில் உச்சியில் நிற்கும் நேரத்தில், வந்த பிள்ளைகள். ஒரே வாங்கு, ஒரே கரும்பலகை, இரண்டு இடாப்பு.

அப்போது வேறு வழி இருக்கவில்லை. அந்த ஒழுங்கு இல்லாதிருந்தால் பல பிள்ளைகள் பள்ளிக்கூடத்தையே மறந்திருப்பார்கள். ஆயினும் அது வீடுகளுக்குள் என்ன செய்தது என்பதை எந்தச் சுற்றுநிருபமும் கேட்கவில்லை. ஒரு பிள்ளை காலை முறையிலும் மற்றப் பிள்ளை பின்னேர முறையிலும் படித்தால் தாய் இரண்டு தடவை அடுப்பு மூட்ட வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவளாக இருந்தால் எந்த நேரத்தில் போவது? பெண்பிள்ளை பொழுதுபட்ட பின் தனியே நடந்து வரவேண்டுமென்றால் யார் எதிர்கொண்டு போவது? இவையெல்லாம் அந்தந்த வீட்டுக்காரரின் தலையிலேயே விடப்பட்டன.

பாடசாலை நேரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து வைப்பதும், அதைப் பெற்றார் எதிர்ப்பதும் உலகின் பல இடங்களில் நடந்திருக்கின்றன. அவற்றுள் ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்தில் 2017ஆம் ஆண்டு நடந்தது நாம் சற்று நின்று பார்க்கத்தக்கது. அங்கே போர் இல்லை, இடப்பெயர்வு இல்லை. பணமும் படித்தவர்களும் நிறைந்த நகரம் அது. அப்படியிருந்தும், மிகக் கவனமாகக் கணக்கிட்டு உருவாக்கிய ஒரு நேர அட்டவணை இரண்டு வாரத்துக்கு மேல் நிலைக்கவில்லை.

ஏன் நேரத்தைப் பிரிக்கிறார்கள்?

முதலில் அங்குள்ள முறையை விளங்கிக்கொள்வோம். எங்கள் நாட்டில் அரசாங்கப் பாடசாலைகள் வழமையாகக் காலை 7.30 தொடக்கம் பிற்பகல் 1.30 வரை நடைபெறுகின்றன. பிள்ளைகள் நடந்தோ, துவிச்சக்கரவண்டியிலோ, இ.போ.ச. பஸ்ஸிலோ போய்ச் சேருவார்கள். அமெரிக்காவில் பிள்ளையை வீட்டுக்கு அருகில் ஏற்றிப் பாடசாலை வாசலில் இறக்குவதற்கென்று தனியான மஞ்சள் நிற பஸ் வண்டிகள் உள்ளன. அவற்றைக் கல்வி நிர்வாகமே நடத்துகிறது. அதற்குப் பெருஞ் செலவு. பொஸ்ரனில் 2017 அளவில் 600க்கு மேற்பட்ட பஸ் வண்டிகள் ஓடின. ஆண்டுக்கு 100 மில்லியன் டொலருக்கு மேல் செலவாயிற்று.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று பாடசாலைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் 20 பஸ் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் எட்டு மணிக்குத் தொடங்கினால் 60 பஸ்ஸும் 60 சாரதிகளும் வேண்டும். ஒன்று 7.30க்கும், அடுத்தது 8.30க்கும், மூன்றாவது 9.30க்கும் தொடங்கினால் அதே 20 பஸ் மூன்று தடவை ஓடி மூன்று பாடசாலைகளையும் நிரப்பிவிடும். நேரத்தைப் பிரிப்பதன் காரணம் அடிப்படையில் இவ்வளவுதான். பஸ்ஸுக்குப் போகும் பணம் ஆசிரியருக்கும் புத்தகத்துக்கும் போகலாம் என்பதே நிர்வாகத்தின் வாதம். அது பிழையான வாதமல்ல.

ஆனால் பங்குக் கிணற்றில் இறைத்தவர்களுக்கு அடுத்த கேள்வி உடனே தோன்றும். ஒரு கிணறு, பல பங்காளிகள், முறை வைத்து இறைப்பு. முறை வைத்தால்தான் எல்லாருடைய வெங்காயமும் பிழைக்கும்; அதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் விடியப்புற முறை யாருக்கு? நடுச்சாம முறை யாருக்கு? கிணற்றில் நீர் வற்றிச் சேறு கலங்கும் நேரத்து முறை யாருக்கு? வாய் பேசத் தெரிந்தவருக்கு நல்ல முறையும், விதவைப் பெண்ணுக்கும் குத்தகைக்குச் செய்பவருக்கும் கெட்ட முறையும் வந்து சேர்வதை நாம் காணாமலா இருந்தோம்? பஸ் வண்டியும் ஒரு பங்குக் கிணறுதான்.

பொஸ்ரனில் பஸ் அதிகமாக ஓடுவதற்கு ஒரு பழைய காயமும் காரணம். 1974இல் அந்நகரத்துப் பாடசாலைகளில் கறுப்பினப் பிள்ளைகள் வேண்டுமென்றே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தனர் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்படி கறுப்பினப் பிள்ளைகளை வெள்ளையர் பகுதிப் பாடசாலைகளுக்கும், வெள்ளையினப் பிள்ளைகளை மறுபகுதிக்கும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பத் தொடங்கினார்கள். பஸ் வண்டிகள் மீது கல்லெறி விழுந்தது. பொலிசார் காவலாகப் போனார்கள். அந்தக் கட்டாய ஒழுங்கு பின்னர் நீங்கிவிட்ட போதிலும், பெற்றார் வீட்டுக்குத் தொலைவிலுள்ள பாடசாலையையும் தெரிவுசெய்யும் வழக்கம் நிலைத்தது. ஆகவே அந்நகரில் பஸ் நேரம் பற்றிய பேச்சு வெறும் பஸ் நேரம் பற்றிய பேச்சாக இருப்பதில்லை.

இளையோரின் தூக்கம்

செலவு ஒரு பக்கம். மற்றப் பக்கத்தில் மருத்துவர்கள் நின்றார்கள்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு மேல் பிள்ளையின் உடலில் தூக்கம் வரும் நேரம் தானாகவே பிந்திவிடுகிறது. தூக்கத்தை வரவழைக்கும் சுரப்பு சிறு பிள்ளையில் முன்னிரவிலேயே தொடங்கும். இளைஞனில் அது பிந்தித் தொடங்கும். ஆகவே இரவு பதினொரு மணிக்கும் கண் மூடாத பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுவதில் முழு நியாயம் இல்லை. அதே பிள்ளையை விடிய ஐந்தரைக்கு எழுப்பினால் அது அரைத் தூக்கத்துடனேயே வகுப்பில் இருக்கும். (தோட்டத்து வீடுகளில் பிள்ளைகள் நாலு மணிக்கே எழுந்து இறைப்புக்குப் போனவர்கள்தானே என்று மூத்தவர்கள் சொல்வார்கள். போனார்கள், முதற் பாடவேளையில் மேசையில் தலை வைத்து உறங்கியவர்களும் அவர்களே.)

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014இல் இதனை ஆராய்ந்து, இடைநிலை, உயர்நிலை வகுப்புகள் காலை 8.30க்கு முன் தொடங்குவது நல்லதல்ல என்று அறிவித்தது. சியாற்றில் என்ற நகரம் 2016இல் உயர்நிலைப் பாடசாலைகளின் தொடக்க நேரத்தை 7.50இலிருந்து 8.45க்குத் தள்ளியது. அங்குள்ள பிள்ளைகள் கையில் அணிந்த கருவிகளைக் கொண்டு அளந்து பார்த்தபோது நாளொன்றுக்கு ஏறக்குறைய 34 நிமிடம் கூடுதலாக உறங்கியது தெரியவந்தது. நேரத்தைப் பிந்தினால் பிள்ளைகள் இன்னும் பிந்திப் படுப்பார்கள் என்று பயந்தவர்களுக்கு அது ஒரு பதிலாயிற்று.

பொஸ்ரனிலோ நிலைமை தலைகீழாக இருந்தது. தூக்கம் பிந்தி வரும் மூத்த பிள்ளைகளின் பாடசாலைகள் பல காலை 7.20 அளவில் தொடங்கின. விடிய எழும்பக்கூடிய சின்னப் பிள்ளைகளின் பாடசாலைகள் சில 9.30க்குத் தொடங்கி மாலை நாலு மணிக்குப் பின்னரே விட்டன. மார்கழி மாதத்தில் அந்நகரில் மாலை நாலேகாலுக்கே சூரியன் மறைந்துவிடும். ஐந்து வயதுப் பிள்ளை பனியில், இருட்டில் வீடு திரும்பியது.

கணனி போட்ட அட்டவணை

இதைச் சீர்செய்வோம் என்று பொஸ்ரன் கல்வி நிர்வாகம் புறப்பட்டது. பெற்றாரிடமும் ஆசிரியரிடமும் கருத்துக் கேட்டார்கள், கூட்டங்கள் வைத்தார்கள். கிடைத்த விருப்பங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒருவருக்கு இனித்த நேரம் மற்றவருக்குக் கசந்தது. நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகள், நூற்றுக்கணக்கான பஸ் வண்டிகள், ஆயிரக்கணக்கான தரிப்பிடங்கள். ஒரு பாடசாலையின் நேரத்தை மாற்றினால் அந்த பஸ் அடுத்துப் போகும் பாடசாலையின் நேரமும் குழம்பும். மனிதர் கையால் போட்டு முடிக்கக்கூடிய கணக்கு அல்ல அது.

ஆகவே எம்.ஐ.ரி. எனப்படும் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்களிடம் அதனைக் கொடுத்தார்கள். டிமிட்ரிஸ் பேட்சிமாஸ் என்ற பேராசிரியரும் அவரது இரு மாணவர்களும் கணனியில் ஒரு முறையை உருவாக்கினார்கள். முதலில் பஸ் பாதைகளை மட்டும் திருத்தியதில் 50 வண்டிகள் குறைந்து, ஆண்டுக்கு 5 மில்லியன் டொலர் மிச்சமாயிற்று. அந்தப் பகுதிக்குப் பெரிய எதிர்ப்பு எழவில்லை. பஸ் போகும் வழி மாறினால் குடும்பத்துக்கு ஐந்து பத்து நிமிடம்தான் மாறும்.

பின்னர் நேரத்தை எடுத்தார்கள். மூத்த பிள்ளைகள் எட்டு மணிக்கு முன் தொடங்கக்கூடாது. சின்னப் பிள்ளைகள் மாலை நாலு மணிக்குப் பின் விடக்கூடாது. விசேட தேவையுள்ள பிள்ளைகளைக் கவனிக்க வேண்டும். நல்ல நேரம் ஓர் இனத்தவருக்கே போகாமல் எல்லாருக்கும் பரவவேண்டும். செலவும் குறைய வேண்டும். இவையே கணனிக்குக் கொடுத்த கட்டளைகள். எந்தக் கட்டளையையும் தனியே எடுத்துப் பார்த்தால் நல்லது என்றே சொல்வோம். 2017 டிசம்பர் முதல் வாரத்தில் நகரக் கல்விச் சபை ஒருமனதாக இக்கொள்கையை ஏற்றது. முப்பது ஆண்டுகளில் முதல் மாற்றம். அந்தச் சபையின் உறுப்பினர்களை மக்கள் தெரிவுசெய்வதில்லை, மாநகர முதல்வரே நியமிக்கிறார் என்பதையும் இங்கு குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஒவ்வொரு பாடசாலைக்கும் உரிய புதிய நேரம் வெளியாயிற்று. பத்தில் எட்டுக்கு மேற்பட்ட பாடசாலைகளுக்கு நேரம் மாறியிருந்தது. மூத்த பிள்ளைகள் பிந்தினார்கள். அவர்களைப் பிந்தினால் பஸ்ஸின் முதல் ஓட்டத்தை யாராவது நிரப்ப வேண்டுமல்லவா? சின்னப் பிள்ளைகள் நிரப்பினார்கள். பல ஆரம்பப் பாடசாலைகள் காலை 7.15க்கும் 7.30க்கும் வந்துவிட்டன. சில இடங்களில் பழைய நேரத்துக்கும் புதிய நேரத்துக்கும் இரண்டு மணித்தியாலம் வித்தியாசம்.

பெற்றார் ஏன் கொதித்தார்கள்?

அறிவித்த சில நாட்களிலேயே கல்விச் சபையின் கூட்ட மண்டபம் நிரம்பி வழிந்தது. பதாகைகள், கூச்சல், ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனு. பிள்ளைகளின் நன்மைக்கென்று செய்ததை ஏன் பெற்றாரே எதிர்க்க வேண்டும்?

காலையை எடுங்கள். 7.15க்கு வகுப்பு என்றால் பஸ் ஆறு மணி கடந்த சிறிது நேரத்தில் வந்துவிடும். பிள்ளையை ஐந்து மணிக்கே எழுப்ப வேண்டும். மார்கழிக் கடைசியிலும் தை முதலிலும் பொஸ்ரனில் சூரியன் உதிப்பது 7.10 அளவில்தான். எங்கள் ஊரைப் போல ஆண்டு முழுவதும் ஆறு, ஆறரைக்கு விடிகிற நாடு அல்ல அது. உறைபனியில், கும்மிருட்டில், தெருவோரத்தில் ஐந்து வயதுப் பிள்ளை பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். மாலை இருட்டிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றப் போய்க் காலை இருட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

பிற்பகலை எடுங்கள். முந்தித் தொடங்கினால் முந்தி விடும். ஒன்றேகால், ஒன்றரைக்குச் சின்னப் பிள்ளை வீட்டு வாசலில் நிற்கும். தகப்பனும் தாயும் வேலை முடிந்து வர ஐந்து ஆறு மணியாகும். நடுவே உள்ள நாலு மணித்தியாலமும் யார் பார்ப்பது? அங்கே அப்பம்மாவும் சித்தியும் அடுத்த வளவில் இருப்பது அரிது. பணம் கொடுத்துப் பராமரிப்பு நிலையத்தில் விடவேண்டும். அந்த நிலையங்களில் இடமும் குறைவு. கந்தோரில் வேலை செய்பவர் மேலதிகாரியிடம் பேசி நேரத்தை மாற்றலாம். மணிக்கூலிக்கு உணவகத்திலும் வைத்தியசாலையிலும் துப்புரவு வேலை செய்யும் தாயால் அது முடியாது. ‘நாளை முதல் ஒரு மணிக்குப் போகவேண்டும்’ என்று அவள் கேட்டால் வேலையே போய்விடும்.

இவற்றைவிட நுட்பமான ஒன்று உண்டு. பல வீடுகளில் மூத்த பிள்ளை முதலில் வீடு வந்து, பிறகு வரும் தம்பி தங்கையை ஏற்று, சாப்பாடு கொடுத்துப் பார்த்துக்கொள்ளும். மூத்த பிள்ளை முந்தியும் இளைய பிள்ளை பிந்தியும் விடுபட்டதால்தான் அந்த ஏற்பாடு நடந்தது. மருத்துவர்களின் பார்வையில் அந்த நேரம் தலைகீழானது. ஏழைத் தாயின் பார்வையில் அதுவே சம்பளமில்லாத பராமரிப்பாளரைத் தந்தது. புதிய அட்டவணை அதனைக் கவிழ்த்துவிட்டது. பின்னேரத்தில் கடைகளில் வேலை செய்து வீட்டுக்கு உழைத்துக் கொடுத்த மூத்த பிள்ளைகளுக்கும் அந்த நேரம் சுருங்கிற்று.

குடும்பத்தின் நாள் என்பது கதியால் வேலி மாதிரி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு கதியால் இரண்டு முழம் தள்ளி நட்டால் என்ன என்று தோன்றும். அதைப் பிடுங்கினால் அதில் கட்டிய கிடுகும் சரியும், பக்கத்துக் கதியாலும் ஆடும். வேலைக்குப் போகும் நேரம், பஸ் நேரம், கிழவியின் மருந்து நேரம், இரண்டாவது வேலையின் நேரம் எல்லாம் பாடசாலை மணியோடுதான் கட்டப்பட்டிருக்கின்றன. இந்தக் கட்டுகளில் ஒன்றையும் எவரும் எழுதிக் கணனிக்குக் கொடுக்கவில்லை. கணனி கொடுத்ததைக் கணக்கிட்டது. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கேள்வி கேட்ட முறையிலும் ஒரு பிசகு இருந்தது என்பது எமது கருத்து. உங்களுக்கு எந்த நேரம் விருப்பம் என்று கேட்டால் பெற்றார் ஒரு நேரத்தைச் சொல்லுவார்கள். ‘உங்கள் பிள்ளையின் பாடசாலை 7.15க்கு மாறினால் வீட்டில் என்ன நடக்கும்?’ என்று கேட்டிருந்தால் வேறு விதமான பதில் வந்திருக்கும். கூட்டத்துக்கு வரவழைத்தோம், கருத்துக் கேட்டோம் என்று நிர்வாகம் சொன்னது பொய்யல்ல. தன் பாடசாலையின் நேரம் எது என்று தெரியாமல் கொடுத்த கருத்து அது.

யாருடைய குரல் கேட்டது?

டிசம்பர் 22ஆம் திகதி, நத்தாருக்கு மூன்று நாள் முன், கல்வி அத்தியட்சகர் ரொமி சாங் புதிய நேரங்கள் அடுத்த கல்வியாண்டில் நடைமுறைக்கு வரா என்று அறிவித்தார். பெற்றார் வென்றார்கள். கதை இத்துடன் முடிந்திருந்தால் மக்கள் சக்தி பற்றி நாலு வரி எழுதி நாமும் நிறுத்தியிருப்போம்.

ஆனால் கூட்டத்துக்கு வந்தவர்கள் யார் என்ற கேள்வி பிறகு எழுந்தது. மண்டபத்தில் உரத்துப் பேசியவர்களில் வசதியுள்ள பகுதிகளின் வெள்ளையினப் பெற்றாரே மிகுந்திருந்தனர் என்று பார்த்தவர்கள் எழுதினார்கள். பழைய அட்டவணையில் எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடைப்பட்ட நல்ல நேரங்கள் அவர்களின் பிள்ளைகளுக்கே கூடுதலாகக் கிடைத்திருந்தன என்றும், புதிய அட்டவணை அதனைச் சமமாகப் பங்கிட்டது என்றும் ஆய்வாளர் பக்கத்தில் சுட்டிக்காட்டினார்கள். மறுபுறம், இந்த மாற்றம் ஏழைகளையும் கறுப்பினக் குடும்பங்களையுமே கூடுதலாக நசுக்கும் என்று குடியுரிமை அமைப்புகளும் எச்சரித்தன. அவர்களிடமும் நியாயம் இருந்தது: ஒரே 7.15 மணி, தாதி வைத்திருக்கும் வீட்டில் ஒரு தொல்லை. கூலி வேலைக்காரியின் வீட்டில் ஒரு இடி.

இரண்டும் உண்மை என்றே நாம் நினைக்கிறோம். அட்டவணை மீளப்பெறப்பட்டபோது நல்ல நேரத்தில் இருந்தவர்கள் நல்ல நேரத்திலேயே இருந்தார்கள். காலை 7.20க்கு வகுப்பில் இருக்க வேண்டிய மூத்த பிள்ளைகளும், பொழுதுபட்டு வீடு திரும்பும் சின்னப் பிள்ளைகளும் தங்கள் பழைய நேரத்திலேயே விடப்பட்டார்கள். அவர்களின் தாய்மாரில் எத்தனை பேர் மாலை வேலையை விட்டு அந்த மண்டபத்துக்கு வந்திருக்க முடியும்? புதிய ஒழுங்கு கொண்டுவரும் தீங்கைத் தடுக்க எல்லாரும் எழுந்தார்கள். பழைய ஒழுங்கு நாள்தோறும் செய்துகொண்டிருந்த தீங்குக்கு எதிராக அப்படி ஒரு கூட்டம் கூடியிருக்கவில்லை. பழகிய தீங்கு கண்ணுக்குத் தெரிவதில்லை.

வேறிடங்களில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்வோம். கென்ரக்கி மாநிலத்தின் லூயிவில் நகரம் 2023இல் கணனியின் துணையுடன் பாடசாலை நேரங்களையும் பஸ் பாதைகளையும் மாற்றிற்று. சாரதிகள் போதாமையே அங்கு காரணம். ஆகஸ்ட் 9ஆம் திகதி, முதல் நாளன்றே எல்லாம் குழம்பி, கடைசிப் பிள்ளை வீடு சேர இரவு பத்து மணியாகிவிட்டது. ஒரு வாரத்துக்கு மேல் பாடசாலைகளை மூடிவைத்தார்கள். கலிபோர்ணியா மாநிலமோ சட்டத்தாலேயே செய்தது: உயர்நிலைப் பாடசாலைகள் 8.30க்கு முன் தொடங்கக்கூடாது என்ற சட்டம் 2019இல் நிறைவேறி 2022 யூலையில் நடைமுறைக்கு வந்தது. கிராமப்புறப் பகுதிகளுக்கு அதில் விலக்கு உண்டு. கிராமத்தின் தூரமும் பஸ்ஸும் வேறு என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். புளோரிடா மாநிலம் 2023இல் அதேபோன்ற சட்டத்தைக் கொண்டுவந்து, நடைமுறைக்கு வருமுன்பே 2025இல் நீக்கிவிட்டது. பஸ்ஸும் சாரதியும் எங்கிருந்து வருவது என்பதே அங்கும் பெரிய தடையாக நின்றது.

இடம்பெயர்ந்தோருக்கு நெருக்கமான உதாரணம் லெபனான். சிரியாவிலிருந்து வந்த அகதிப் பிள்ளைகளுக்காக 2013 அளவில் அந்நாட்டு அரசாங்கப் பாடசாலைகள் பல பின்னேர முறையைத் தொடங்கின. காலையில் அந்நாட்டுப் பிள்ளைகள், பின்னேரம் அகதிப் பிள்ளைகள். எமக்குப் பழகிய அதே ஒழுங்கு. மாரி காலத்தில் இருட்டில் பிள்ளை திரும்பிவரும் பயத்தை அங்குள்ள தாய்மாரும் சொன்னார்கள். இரு முறைப் பாடசாலைகள் நடக்கும் சில நாடுகளில் காலை முறையையும் பின்னேர முறையையும் குறித்த காலத்துக்கு ஒருதடவை மாற்றிவிடுவதுண்டு. அப்போது வெயில் நேரமும் இருட்டு நேரமும் ஒரே பிள்ளைகளின் தலையில் ஆண்டு முழுவதும் விழாது. பங்குக் கிணற்றில் நாம் செய்வதுதான்.

எங்கள் கூட்டத்தில் என்ன கேட்பது?

மீள்குடியேறிய இடத்திலும் உறவினர் வளவிலும் இருக்கும் எமது குடும்பங்களுக்கு இது எந்த நேரமும் வரக்கூடிய விடயம். பஸ் இல்லை என்று, ஆசிரியர் இல்லை என்று, இரண்டு பாடசாலைகளை ஒன்றாக்குகிறோம் என்று, ஏதாவது காரணத்தால் பாடசாலை நேரம் மாறலாம். அறிவித்தல் வந்த பின் கோபப்படுவதைவிட, அதற்கு முன்பே பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வீட்டுக் கணக்கை முன்வைப்பது பயன் தரும்.

‘எங்களுக்குக் கஷ்டம்’ என்று மட்டும் சொன்னால் அதிபருக்கு அதை எங்கே எழுதுவதென்று தெரியாது. ஒரு கொப்பித் தாளில் வீடு வீடாக எழுதுங்கள்: எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு, எத்தனை மணிக்கு வீட்டை விட்டுப் புறப்படுகிறார்கள், எப்படிப் போகிறார்கள், பஸ் எத்தனைக்கு வருகிறது, தவறினால் அடுத்த பஸ் எத்தனைக்கு, திரும்பிவரும்போது வீட்டில் யார் இருப்பார்கள். வன்னிப் பக்கத்தில் யானை நடமாடும் பாதையென்றால் அதையும் எழுதுங்கள். விடியப்புறமும் கருக்கலிலும் அந்தப் பாதையில் பிள்ளைகள் நடக்கிறார்களா என்பது நேர அட்டவணையோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. அறுவடைக் காலத்தில் வீட்டில் ஆளில்லாத நாட்கள் எவை, பால் கறந்து கொடுத்துவிட்டு வரும் பிள்ளை எது என்பவையும் அந்தத் தாளில் இருக்கட்டும். பத்து வீட்டுக் கணக்கு ஒன்றாய்ச் சேர்ந்தால் வலயக் கல்விப் பணிமனையில் அதைத் தட்டிவிடுவது கடினம். பஸ் சம்பந்தப்பட்டதாயின் ஒரு பிரதியை இ.போ.ச. சாலைக்கும் கொடுங்கள். பாடசாலை மணியை மாற்றாமல் பஸ்ஸைக் கால் மணி நேரம் முந்தவிட்டாலே சில ஊர்களில் அலுவல் முடிந்துவிடும்.

தாளை எழுதும்போது கூட்டத்துக்கு வராத வீடுகளை முதலில் எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். தூரத்து ஒழுங்கையில் இருக்கும் குடும்பம், தாய் மட்டும் உழைக்கும் குடும்பம், அண்மையில் வந்து சேர்ந்து இன்னும் ஒருவருக்கும் பழக்கமில்லாத குடும்பம். அவர்களின் பிள்ளைதான் அநேகமாக எல்லாருக்கும் முந்திப் புறப்பட்டு எல்லாருக்கும் பிந்தி வீடு சேருகிறது. மாற்றத்தை எதிர்ப்பதென்று ஊர் முடிவெடுத்தாலும், இப்போதைய நேரத்தில் அந்தப் பிள்ளைக்கு என்ன குறை என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.

கூட்டத்தை வேலை நாள் காலையில் வைக்க வேண்டாம் என்று அதிபரிடம் சொல்லிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணி என்றால் கூலி வேலைக்குப் போகிறவர்களும் கைப்பிள்ளையோடு வந்து இருக்கலாம்.